நீலப் பட்டைகளும் முனுசாமியும்

காசநோய் ஆராய்ச்சி அலுவலகம் ஒன்றில் படம் வரைபவனாக நான் சேர்ந்தபோது சுதந்திரம் வந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். மருந்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. தெரியாது என்பதும் தெரியாது.

வேலை இதுதான். ஒரு நோயாளிக்கு ஒரு நீளமான காகிதப் பட்டை. அதில் வாரத்துக்கு ஒரு கட்டம். மாத்திரை வாங்கிப் போன வாரத்துக்கு நீலம் அடிக்க வேண்டும். வராத வாரத்தை வெள்ளையாக விட வேண்டும். பட்டைகளைப் பதிவு எண் வரிசையில் சுவரில் குத்தினால், யார் எப்போது மருந்தை விட்டார்கள் என்பது ஒரே பார்வையில் தெரியும் என்பார் டாக்டர். எனக்கு ஒரே பார்வையில் தெரிந்தது, சுவர் அசிங்கமாக இருக்கிறது என்பதுதான்.

ஸ்ரீராம்புரம் முனுசாமியின் பட்டையில் பாதிக்குப் பாதி வெள்ளை.

"ஒழுங்கா சாப்பிடாதவனுக்கு எதுக்குய்யா இலவச மருந்து? வர்ற மாசத்தோட பேரை எடுத்துடு" என்றார் டாக்டர்.

மருந்து நின்றால் முனுசாமி பிழைப்பது கஷ்டம் என்று எனக்கே தெரியும். இருந்தும் தலையாட்டினேன். டில்லியிலிருந்து பெரிய அதிகாரி வரப்போகிறார். என் கவலையெல்லாம் சுவரைப் பற்றித்தான்.

எண் வரிசையைக் கலைத்தேன். ஒரே மாதிரி வெள்ளை விழுந்த பட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் குத்தினேன். ஒரு வாரம் நீலம், ஒரு வாரம் வெள்ளை என்று சேலை பார்டர் போல அருமையாக வந்தது. தள்ளி நின்று நானே ரசித்தேன்.

டாக்டர் வந்து பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"இவங்கல்லாம் யாரு?" என்றார்.

அவர்களுடைய பதிவு அட்டைகளை எடுத்துப் பார்த்தேன். அத்தனை பேரும் ஒரே மில் தொழிலாளிகள். முனுசாமியைக் கூப்பிட்டனுப்பினோம்.

"மில்லுல ஒரு வாரம் பகல் ஷிஃப்ட், ஒரு வாரம் ராத்திரி ஷிஃப்ட். பகல் ஷிஃப்ட் வாரத்துல எப்படி சார் வர்றது? மத்தியானம் பன்னெண்டு மணிக்கே மருந்து ஜன்னலை மூடிடறீங்க. ரஜா போட்டா கூலி போயிடும்."

"ஏன்யா முன்னாடியே சொல்லல?"

"எதிர்த்துப் பேசினா பேரை எடுத்துடுவீங்கன்னு பயம் சார்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

அன்றிலிருந்து மருந்து ஜன்னல் சாயங்காலமும் திறந்தது. முனுசாமியின் பேர் தங்கியது. டாக்டர் என்னைப் பெரிய மூளைக்காரன் என்று டில்லி அதிகாரிக்கு அறிமுகம் செய்துவைத்தார். நான் மறுக்கவில்லை.

பிறகு அந்தப் பட்டைகளில் வாரம் தவறாமல் நீலமே அடிக்க வேண்டியிருந்தது. பார்டர் நின்றுபோனதில் எனக்கு வருத்தம்தான். முனுசாமி சதை பிடித்து, இருமாமல் மாடிப்படி ஏறி வந்து என் எதிரே நின்றபோதுதான் வெட்கமாக இருந்தது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். கட்டத்தில் வெள்ளை தெரிந்தால் ஆளைக் கூப்பிட்டுக் கேளுங்கள். படம் கெட்டுப்போகும். ஆள் பிழைப்பார்.