மஞ்சள் வளையக் குழாயும் அண்ணன் கோபமும்

போன ஆவணியில் ஒரு சனிக்கிழமை, வழக்கமாகச் சுற்றும் கோயில் எதற்கும் போகாமல் இரும்புக் குழாய் ஆலைக்குப் போனேன். காரணம் என் அண்ணன் கலியபெருமாள். ஒரத்தநாடு பக்கம் எங்கள் வயலில் சம்பாவுக்கு நாற்று விட்டுப் பத்து நாள். வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை. அந்த நேரம் பார்த்து போர் மோட்டார் குழாய் நெடுக வெடித்தது. இரண்டு நாளில் தண்ணீர் பாயாவிட்டால் நாற்று கருகிவிடும். "வெல்டிங் வச்ச குழாயே மோசம். செஞ்சவங்கள நாலு வார்த்தை கேக்காம விடமாட்டேன், நீயும் வா பாப்பா" என்றார். எனக்குச் சண்டை ஆகாது. ஊர் சுற்றல் ஆகும்.

காலை ஏழரைக்கு பைக்கில் கிளம்பினோம். தஞ்சாவூர் 24 கி.மீ., அங்கிருந்து திருச்சி சாலையில் ஆலை 18 கி.மீ. வழியில் டிபன், இருவருக்கும் 140 ரூபாய். இட்லியைக்கூட அண்ணன் கோபமாகத்தான் சாப்பிட்டார்.

முந்தின நாளே போனில் பேசி அனுமதி வாங்கியிருந்ததால், சோதனைப் பிரிவுப் பொறியாளர் பாத்திமா, நாகூர்க்காரர், வாசலுக்கே வந்தார். அண்ணன் பையிலிருந்து வெடித்த துண்டை நீட்டினார். "முதல்ல செய்யுறதைப் பாருங்கண்ணே, அப்புறம் திட்டுங்க" என்றார் பாத்திமா.

பாய் போலச் சுருட்டிய தகட்டுச் சுருளை நீள நாடாக்களாக வெட்டுகிறார்கள். நாடா வரிசையாக உருளைகளுக்குள் ஓடி, கொஞ்சம் கொஞ்சமாக வளைந்து வட்டமாகிறது. இரண்டு விளிம்பும் சந்திக்கும் இடத்தில் மின்சாரம் பாய்ந்து பழுக்க, உருளைகள் அழுத்தி ஒட்டுகின்றன. ஒட்டுவதற்கென்று வேறு கம்பி எதுவும் உருக்குவதில்லை. இப்படி ஒட்டிய கோட்டைத் தையல் என்கிறார்கள். வெளியே பிதுங்கும் தழும்பை ஒரு கத்தி சுருளாகச் சீவி எடுக்கிறது. பிறகு தண்ணீரில் குளிர்ந்து, அளவு சரியாகி, இருபதடிக்கு ஒன்றாக வெட்டுப்படுகிறது. அமிலத்தில் கழுவி, உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்தால் வெள்ளிப் பளபளப்பு. எனக்கு நகரவே மனம் வரவில்லை.

பாத்திமா எங்கள் துண்டின் உட்புறத்தைக் காட்டினார். தையல் ஒரு பக்கம், கிழிசல் நேர் எதிர்ப்பக்கம். நல்ல பகுதியில் ஒரு வளையம் வெட்டி, தையல் பக்கவாட்டில் வருமாறு அழுத்தும் எந்திரத்தில் வைத்தார். "இப்படி வச்சாத்தான் தையலுக்கு முழுச் சோதனை." வளையம் தட்டையானது, தையல் விடவில்லை.

பிறகு துண்டின் மேலிருந்த சேற்றைத் துடைத்தார். குழாயைச் சுற்றி மஞ்சள் பெயின்ட்டில் ஒரு வளையம்.

"இது மெலிசு ரகம்ணே. நீலம் நடுத்தரம், சிவப்பு கனம். உங்க போருக்கு நீலமாவது வேணும். கடையில சொல்லலியா?"

"சொன்னாங்க. மஞ்சள் மங்களகரமா இருக்கேன்னு நாந்தான் எடுத்தேன்."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அண்ணன் முகத்தைப் பார்த்ததும் பாவமாகிவிட்டது. திட்ட வந்தவர், "மன்னிச்சுக்கம்மா" என்றார்.

ஆலையில் சில்லறை விற்பனை இல்லை. தஞ்சாவூர் கடையில் எட்டு நீலக் குழாய் எடுத்து, மினி வேனில் ஏற்றினோம். வாடகை 900 ரூபாய். மூன்று மணிக்கு வயலில் இருந்தோம்.

ஆலை பார்க்க விரும்புகிறவர்கள் முன்கூட்டியே போன் செய்து அனுமதி வாங்குங்கள். செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். துப்பட்டாவை இறுக்கிக் கட்டுங்கள். காதில் பஞ்சு அவசியம். குழாய் வாங்கப் போகிறவர்கள் நிறத்துக்கு என்ன அர்த்தம் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

ஐந்தேகாலுக்குக் குழாய் முழுவதும் போருக்குள் இறங்கியது. சுவிட்சைப் போடுமுன் அண்ணன் பாத்திமாவுக்குப் போன் செய்தார். "ஏம்மா, நீலக் குழாய்க்கும் சந்தனம் வைக்கலாம்ல?"

"தாராளமா வைங்கண்ணே. நீலத்தை மட்டும் மறைச்சிராதீங்க."

வைத்தார். தண்ணீர் நாற்றங்காலுக்குள் ஓடியது. அண்ணன் வரப்பில் உட்கார்ந்து அழுதார். நானும்தான்.