கிரேன் கேட்ட காகிதம்

வளைகுடாவில், சோஹார் துறைமுகத்தை ஒட்டி ஆலை கட்டிய நாட்களில் எனக்கு மேலதிகாரி ஒரு ஜப்பான்காரர். மதியச் சாப்பாட்டில் தினமும் ஒரே புலம்பல்: தன் நாடு பல வருடங்களாக வளரவே இல்லையாம். முதியவர்கள் பெருகிவிட்டார்கள், பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள், கம்பெனிகள் புது இயந்திரம் வாங்காமல் காசைப் பூட்டி வைத்திருக்கின்றன. கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும். காரணம் அவர் மேஜையிலேயே கிடந்தது. விரல் அளவு முத்திரைக் கட்டை. எந்தக் காகிதமும் இளையவர் தொடங்கி மூத்தவர்வரை ஒன்பது பேரின் சிவப்பு முத்திரை இல்லாமல் அசையாது. ஒருவர் லீவில் போனால் காகிதத்துக்கும் லீவு.

எங்கள் யார்டில் கனத்த குழாய்களை நான்கு பேர் தோளில் சுமந்துதான் வெல்டிங் மேடையில் ஏற்றுவார்கள். அவர்களில் ஒருவன் என் ரூமில் தங்கியிருந்த புதுக்கோட்டைக்காரன்.

"அண்ணே, ஒரு சின்ன கிரேன் கேட்டுப் பாருங்கண்ணே. நேத்தே நழுவப் பாத்துச்சு" என்றான்.

விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். காகிதம் ஜப்பானுக்குப் போனது. எப்போது விசாரித்தாலும், "ஐந்தாவது முத்திரையில் இருக்கிறது" என்பார் மேலதிகாரி, ஏதோ சாதித்துவிட்டவர்போல.

ஆறாவது விழுவதற்குள் குழாய் நழுவியது. அவன் வலது கையில் இரண்டு விரல்கள் போயின. கட்டுப்போட்ட கையோடு ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

அதற்கப்புறம் காகிதம் வந்தது. ஒன்பது முத்திரைகளும் இருந்தன. கிரேன் தேவையில்லை என்று முடிவு. எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"உங்கள் நாடு ஏன் வளரும்? உருப்படவே உருப்படாது!" என்று கத்தினேன்.

அவர் கோபப்படவில்லை. காகிதத்தில் ஓரிடத்தைத் தொட்டுக் காட்டினார். 'இப்போது வேலை எப்படி நடக்கிறது?' என்ற கட்டத்தில் என் கையெழுத்து: 'நோ பிராப்ளம் சார்.'

தொழிலாளர் கேம்ப்பில் எல்லோரும் அப்படித்தான் எழுதுவோம். குறை சொன்னவனை முதலில் ஃபிளைட் ஏற்றிவிடுவார்கள் என்ற பயம் கையிலேயே ஊறிப்போயிருந்தது. கிரேன் கேட்கும் காகிதத்திலும் அதையே எழுதியிருக்கிறேன், மடையன்.

குழாய்கள் இன்னும் தோளில்தான் ஏறிக்கொண்டிருந்தன. ஒரு வெள்ளிக்கிழமை புதுக்கோட்டைக்காரன் ஊரிலிருந்து கூப்பிட்டான்.

"கிரேன் வந்துருச்சாண்ணே?"

"வந்துருச்சுடா."

"எங்களுக்காக நீங்க ஒருத்தர்தாண்ணே எழுதிக் கேட்டீங்க" என்றான்.