சளி இருந்த புதன்கிழமை

இந்த ஊரில் கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் படுக்கவைத்து, காபிக் கடைக்கு வெளியே குளிரில் நிறுத்திவிட்டு, தாய்மார் உள்ளே போய் உட்கார்ந்துகொள்கிறார்கள். வெளிக்காற்றில் தூங்கினால் பிள்ளை திடமாக வளருமாம். சுவீடனுக்கு வந்த புதிதில் இதைப் பார்த்துவிட்டு, யாரோ பெற்ற பிள்ளையைத் தெருவில் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள் என்று கடைக்குள் அலறிக்கொண்டு ஓடினேன். நல்லவேளை, அலறியது தமிழில். ஒரு பெண் நிதானமாக எழுந்து வந்து, "அவள் தூங்குகிறாள்" என்று என்னைச் சமாதானப்படுத்தினாள். நம் விருத்தாசலத்தில் ஒரு பிள்ளைக்கு மூக்கு ஒழுகினாலே எதிர்வீட்டிலிருந்து இரண்டு பேர் விபூதியோடு வந்து நிற்பார்கள். ஏழு வருடம் ஆகியும் அந்த வண்டிகளைச் சும்மா தாண்டிப்போக என்னால் முடிவதில்லை. குனிந்து, போர்வை ஏறி இறங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நகர்வேன். உள்ளே யாழினி படுத்திருப்பாளோ என்று ஒரு நொடி தோன்றும். யாழினி என் தங்கை செல்வியின் தலைச்சன் பெண். மூன்றரை மாதம்கூட நிறையாமல் போய்ச் சேர்ந்துவிட்டவள்.

என் பிழைப்பே சளிதான் என்று சொன்னால் சிரிப்பீர்கள். மூக்கு, தொண்டை, குடல் எல்லாவற்றின் உட்புறமும் ஈரமான ஒரு மெல்லிய தோல் உண்டு, சளிச்சவ்வு என்பார்கள். கிருமி முதலில் வந்து தட்டுகிற வாசல் அது. கையில் போடுகிற ஊசி பெரும்பாலும் ரத்தத்துக்குள் காவல் வைக்கும். வாயில் விடுகிற சொட்டு மருந்து அந்த வாசலிலேயே ஆள் நிறுத்தும். இதை ஒருமுறை செல்வியின் கணவர் குமாருக்கு விளக்கினேன். அவருக்குப் பீங்கான் பொம்மை செய்யும் யூனிட்டில் வேலை. "ஓ, பீங்கான் மேல பூசற கிளேஸ் மாதிரியா? கிளேஸ் போடாத கப்புல டீ ஊத்துனா கப்பே குடிச்சிடும்" என்றார். என் பேராசிரியர் ஒரு மணி நேரம் எடுத்த பாடம் அது. இப்போதும் ஆய்வகத்தில் யாராவது விளக்கம் கேட்டால் குமாரின் கப்பைத்தான் சொல்கிறேன்.

நான் விமானம் ஏறியது மாசி மாதத்தில் ஒரு புதன்கிழமை. அன்றுதான் யாழினிக்கு ரெண்டரை மாசத்து ஊசியும், வயிற்றுப்போக்கைத் தடுக்கும் சொட்டு மருந்தும் போட வேண்டிய நாள். நம் பக்கம் தடுப்பூசி என்றால் புதன்கிழமைதானே. ஆனால் வெளிநாடு போகிறவளை வழியனுப்புவது என்றால் நமக்குச் சும்மா இல்லை. வேன் பிடித்து, பெரியப்பா, சித்தி, பக்கத்து வீட்டார் எல்லாரும் புளிச்சோற்றுப் பொட்டலத்தோடு மீனம்பாக்கம் வரை வந்து, கண்ணாடிக்கு வெளியே நின்று கை ஆட்டினால்தான் பயணம். குழந்தைக்கு ஊசி போட்டால் ராத்திரி காய்ச்சல் வரும், செல்வியால் வர முடியாது. முந்தின நாள் அவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் பெட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அக்கா, புள்ளைக்கு மூக்கு ஒழுவுது. நாளைக்குப் போடலாமா, வேணாமா?"

மூக்கு ஒழுகினால் போடலாம். காய்ச்சல் கொதித்தால்தான் தள்ளிப்போட வேண்டும். இது எனக்குத் தெரியும். நான் படித்த படிப்பே அதுதான். இருந்தும் என் வாய் சொன்னது: "சளியா இருக்குதே. இந்த வாரம் வேணாம். அடுத்த புதன் போட்டுக்கலாம்."

யாழினி வேனில் என் மடியில் தூங்கிக்கொண்டு வந்தாள். விமான நிலையத்தில் அவள் மூக்கை என் துப்பட்டாவால்தான் துடைத்தேன். அடுத்த புதனும் சளி போகவில்லை. அதற்கடுத்த புதன் மாசி மகக் கூட்டத்தில் கழிந்தது. மூன்றாவது புதன் வரவில்லை. இரண்டே நாள் வயிற்றுப்போக்கு, குழந்தை வாடிப்போய்விட்டது. மருத்துவமனையில் தங்களால் ஆனதைச் செய்தார்கள். நான் சுவீடன் வந்து இருபது நாள்கூட ஆகவில்லை, திரும்பிப் போனால் வேலை போய்விடும் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டு இங்கேயே இருந்துவிட்டேன். அந்தத் துப்பட்டாவை இன்றுவரை துவைக்கவில்லை. அணியவும் இல்லை.

அந்தச் சொட்டு மருந்தைப் பற்றித்தான் இங்கே என் ஆய்வும். நானாகத் தேடிப் போய் வாங்கிக்கொண்ட வேலை. குளிர்நாட்டுக் குழந்தைகளுக்கு நன்றாகப் பலிக்கிற சொட்டு மருந்து நம் பக்கத்துக் குழந்தைகளுக்கு ஏன் அவ்வளவாகப் பலிப்பதில்லை என்று பார்க்கிறோம். நம் ஊர்ப்பக்கக் குழந்தைகளின் மல, ரத்த மாதிரிகள் பெயரில்லாமல், வெறும் எண்களாக, பனிப்பெட்டியில் வந்து சேரும். போன செவ்வாய்க்கிழமை ஒரு தொகுதியின் முடிவு வந்தது. எல்லாத் தவணையும் ஒழுங்காகப் போட்டும் பல குழந்தைகளின் குடலில் காவல் ஏறவே இல்லை. என்னோடு வேலை செய்யும் இங்ரிட் தலையில் கை வைத்துக்கொண்டாள். நான் சிரித்துவிட்டேன். "மோசமான முடிவு வந்தும் சிரிக்கிறாய். உன்னிடம்தான் தைரியம் கற்க வேண்டும்" என்று என் தோளைத் தட்டினாள்.

தைரியமாவது மண்ணாவது! மருந்தே பலிக்காது என்றால் நான் தள்ளிப்போட்டதால் எதுவும் ஆகவில்லை என்றுதானே அர்த்தம்? அந்தக் கணக்கில் வந்த சிரிப்பு அது. அத்தனை பிள்ளைகளுக்கு மருந்து பலிக்கவில்லை என்று தெரிந்து மனம் குளிர்ந்த பாவி உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கழிவறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டேன். திரும்பி வந்து பட்டியலை மறுபடி பார்த்தேன். பலித்த குழந்தைகளும் அதில் இருந்தார்கள். யாழினி எந்தப் பக்கம் இருந்திருப்பாள் என்பதை எந்த எண்ணும் எனக்குச் சொல்லப்போவதில்லை.

மறுநாள் புதன். வேலைக்குப் போகும் வழியில், அதே காபிக் கடை வாசலில் போன் அடித்தது. செல்வி. அங்கே மதியம் ஒன்றரை இருக்கும். இவ்வளவு வருடம் கழித்து அவளுக்கு இப்போது ஒரு பையன், ரெண்டரை மாதம்.

"அக்கா, புள்ளைக்கு மூக்கு ஒழுவுது. நர்ஸம்மா கெளம்பப் போறாங்க. போடலாமா, வேணாமா?"

அதே கேள்வி. பக்கத்திலிருந்த தள்ளுவண்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

"செல்வி, அன்னிக்கு நான் சளிக்காக வேணாம்னு சொல்லல. நீ ஏர்போர்ட்டுக்கு வரணும்னு சொன்னேன்."

அவள் பின்னால் அங்கன்வாடிச் சத்தம் கேட்டது.

"தெரியும்க்கா. எனக்கு மட்டும் ஆசை இல்லியா? நான் ஏர்போர்ட்டப் பாத்ததே இல்ல. சளிதான, போடலாம்னு நர்ஸம்மா அப்பவே சொன்னாங்க. வேணாம்னு சொல்ல ஒரு வாய் வேணும்னுதான் உன்கிட்ட வந்தேன்."

"இத்தினி வருஷம் ஏன்டி சொல்லல?"

"நீ மட்டும் சொன்னியா?"

"அப்ப இன்னிக்கு ஏன் என்னைக் கேக்கற?"

"இந்த வாட்டி போடுன்னு உன் வாயால கேக்கணும்க்கா."

நேற்றைய பட்டியல் கண்முன் வந்தது. பலிக்காமலும் போகலாம். போட்டால்தானே பலிக்க ஒரு வழியாவது இருக்கிறது.

"போடு. இன்னிக்கே போடு."

போனைக் கையில் வைத்துக்கொண்டே குழந்தையை நீட்டியிருப்பாள். சொட்டு மருந்து உள்ளே போன சத்தம் கேட்கவில்லை. ஊசி ஏறியதும் அவன் வீரிட்டது மட்டும் கடைவாசல் முழுக்கக் கேட்டது. அந்த வழியாக வந்த ஒரு கிழவர் பதறி நின்று, நான் பிடித்திருந்த வண்டிக்குள் குனிந்து பார்த்தார். அதில் ஒரு பிள்ளை ஆடாமல் அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தது. அவர் என்னையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்து, "உங்கள் குழந்தையா? எங்கே அழுகிறது?" என்று கேட்டார்.

"எங்க வூட்டுல" என்றேன், தமிழில். அவருக்குப் புரியவில்லை. போன் காதில் அழுதுகொண்டே இருந்தது. நான் குனிந்து, யாரோ பெற்ற பிள்ளையின் போர்வை ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.