அஞ்சு கிளாவரைத் தாண்டிய பதில்

என் கணவருக்குப் பதில் தேவைப்படாத கேள்விகளைக் கேட்கிற வழக்கம் உண்டு. உலை கொதித்துக்கொண்டிருக்கும்போது அடுப்படி வாசலில் நின்று, "உலை வெச்சாச்சா?" என்பார். குழந்தை என் தோளில் வீறிட்டுக்கொண்டிருக்கும்போது, "பாப்பா அழுகுதா?" என்பார். இதெல்லாம் எனக்குப் பழகிவிட்டது. யுத்த காலத்தில் அவர் பிரிட்ஜ் ஆடக் கற்றுக்கொண்டு, அந்த ஆட்டத்தில் கேள்வி கேட்பதற்கென்றே ஒரு முறை இருக்கிறது என்று கண்டுபிடித்த பிறகுதான் என் பொறுமை போயிற்று.

அப்போது அவர் சேலத்தில் மராமத்து இலாகாவில் சூப்பர்வைசர். அவருக்கு மேலே இருந்த பெரிய இஞ்சினீயரும் அவர் சம்சாரமும் மதராஸிலிருந்து வந்தவர்கள். சீட்டுக் கட்டு இல்லாமல் அவர்களுக்குச் சனிக்கிழமை விடியாது. அவர்களோடு ஆடிக்கொண்டிருந்த தம்பதி மாற்றலாகிப் போனதும் எங்களைப் பிடித்தார்கள். "படிச்ச பொண்ணுதானே, சீக்கிரம் கத்துக்கும்" என்று அந்த அம்மாள் சொல்லிவிட்டார். பத்தாவது தேறியதற்கு இப்படி ஒரு தண்டனை உண்டென்று தெரிந்திருந்தால் நான் ஒன்பதாவதோடு நின்றிருப்பேன்.

போகமாட்டேன் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அதற்குக் காரணம் உண்டு. நாமகிரிப்பேட்டைக்கு அப்பால், மலையடிவாரத்தில் ரோடு போடும் வேலைக்கு ஒரு சூப்பர்வைசர் வேண்டும் என்று ஆபீசில் பேச்சு. அங்கே மழை பிடித்தால் வீடு தவறாமல் மலைக்காய்ச்சல் வரும். அதற்கு மருந்தான கொய்னா மாத்திரையோ அந்த யுத்த காலத்தில் கண்ணில் பார்க்கக் கிடைக்காது. என் குழந்தைக்கு ஒரு தடவை காய்ச்சலில் வலிப்பு வந்து, செவ்வாய்ப்பேட்டை டாக்டர்தான் பிழைக்க வைத்தார். "இன்னொரு கடுங்காய்ச்சல் இந்த உடம்பு தாங்காதும்மா" என்று அவர் சொன்னது என் காதிலேயே நின்றுவிட்டது.

நாங்கள் சனிக்கிழமை தவறாமல் போனால் அந்த மாற்றல் வராது என்று நானாக நினைத்துக்கொண்டேன். ஆடித் தோற்றால் முட்டாள்கள் என்று மலைக்கு அனுப்பிவிடுவார்களோ? ஜெயித்தால் கோபத்தில் அனுப்புவார்களோ? ஒவ்வொரு சீட்டைப் போடும்போதும் இதே யோசனை.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு இவ்வளவு சொன்னால் போதும். நாலு பேர் உட்கார வேண்டும். எதிரெதிரே இருப்பவர்கள் ஒரு கட்சி. ஆளுக்குப் பதிமூன்று சீட்டு. விளையாடுவதற்கு முன், நாங்கள் இத்தனை பிடி பிடிப்போம் என்று இரண்டு கட்சியும் ஏலம் கூற வேண்டும். ஏலத்தில் கிளாவர் கீழே, அதற்கு மேல் டைமன், ஆர்ட்டின், இஸ்பேட், கடைசியாகத் துருப்பே இல்லாத நோ டிரம்ப் என்று ஏறும். ஏறினால் ஏறினதுதான், இறங்க முடியாது. முதல் ஆறு பிடியை ஏலத்தில் எண்ணுவதில்லை; அதனால் பதிமூன்றில் பன்னிரண்டு பிடிப்பதாக ஆறு என்று கூறி, பிடித்தும் காட்டினால் பெரிய வெற்றி. எதிரி கையில் இரண்டு ஆஸ் இருந்தால் அந்த ஆறு ஆரம்பத்திலேயே செத்துப்போகும். அதனால் எதிரே இருக்கும் கூட்டாளியிடம் எத்தனை ஆஸ் என்று கேட்க ஒரு தந்திரம்: "நாலு நோ டிரம்ப்" என்பது. அது ஏலம் மாதிரி இருக்கும், ஆனால் கேள்வி. ஆஸே இல்லை என்றால் "அஞ்சு கிளாவர்" என்று பதில் சொல்ல வேண்டும், ஒன்று என்றால் "அஞ்சு டைமன்", இரண்டு என்றால் "அஞ்சு ஆர்ட்டின்."

இதை ஒரு புஸ்தகத்தில் படித்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் வேறு பேச்சில்லை. நான் குழந்தைக்குப் பருப்புச் சோறு பிசைந்துகொண்டிருப்பேன். பாயில் சீட்டைப் பரப்பி, "நாலு நோ டிரம்ப்!" என்பார். நான் எச்சில் கையோடு சீட்டைப் பார்க்க வேண்டும். ஒரு நாள் குழந்தை இஸ்பேட் ஆஸை எடுத்து மூலையைக் கடித்துவிட்டாள்.

"போச்சு! இனி இந்தச் சீட்டு யார் கையில இருந்தாலும் தெரியுமே" என்றார்.

"நல்லதாப் போச்சுங்க. இனிமே எண்ணிக் கேக்க வேண்டியதில்ல, கண்ணாலயே பாத்துக்கலாம்" என்றேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

"வெளையாட்டில்ல புள்ள. இந்தக் கேள்விக்கு மட்டும் பொய் சொல்லக் கூடாது. கையில என்ன இருக்குதோ அதைச் சொல்லோணும். மத்ததை நான் பாத்துக்குவேன்."

மற்றதை அவர் பார்த்துக்கொண்ட லட்சணம் ஒரு புரட்டாசிச் சனிக்கிழமை தெரிந்தது.

பங்களா வராந்தாவில் மேஜை. குழந்தையை உள்ளே ஆயா தூங்க வைத்துக்கொண்டிருந்தாள். என் ஒரு காது அங்கேயே இருந்தது. என் கணவர் கிளாவரில் ஆரம்பித்தார். என் கையில் கிளாவர் நிறைய, கூட ஒரே ஒரு ஆஸ். நான் அவருக்கு ஒத்து ஏற்றினேன். அவர் முகம் சிவந்தது. அந்தச் சிவப்பைப் பார்த்ததுமே அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"நாலு நோ டிரம்ப்."

என்னிடம் ஒன்று. பதில் அஞ்சு டைமன். ஆனால் நாங்கள் ஏலம் கூறிவந்ததோ கிளாவரில். அஞ்சு டைமன் என்று நான் சொன்ன மாத்திரத்தில், அஞ்சு கிளாவரில் நிற்கிற வழி அடைபட்டுவிடும்; பிறகு ஆறுக்குத்தான் ஏற வேண்டும். அவர் கையில் மூன்று ஆஸோ இரண்டோ இருந்தால் சரி. ஒன்றுதான் என்றால்? இதையெல்லாம் எண்ணிப் பார்த்துத்தான் கேட்டிருப்பாரா? இல்லை, உலை வெச்சாச்சா மாதிரியா? ஆஸே இல்லை என்று பொய் சொல்லிவிடலாமா? உள்ளே குழந்தை சிணுங்கினாள். பொய் சொல்லக் கூடாது என்று அவர் சொன்னது ஞாபகம் வந்தது.

"அஞ்சு டைமன்" என்றேன்.

அவர் சீட்டைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஆறு கிளாவர்" என்றார்.

"டபிள்" என்றார் அந்த அம்மாள், வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே. நீங்கள் தோற்பது நிச்சயம், தண்டம் இரட்டிப்பு என்று அதற்கு அர்த்தம். அவர் கையில் ஒரு ஆஸ், அவர் வீட்டுக்காரர் கையில் ஒரு ஆஸ். இரண்டு பிடியும் அவர்களுக்குப் போயிற்று. ஆறும் போயிற்று. அஞ்சில் நின்றிருந்தால் கச்சிதமாக ஜெயித்திருப்போம்.

பெரிய இஞ்சினீயர் வாய்விட்டுச் சிரித்தார். "கையில ஒரே ஆஸை வெச்சுக்கிட்டு எந்த தைரியத்துல ஐயா கேட்டீர்?"

என் கணவர் என்னைப் பார்த்தார். "நீ அஞ்சு கிளாவர்னு சொல்லீருந்தா நான் அங்கயே நின்னிருப்பேன்."

"பொய் சொல்லக் கூடாதுன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க?"

"பொய் வேற, புத்தி வேற."

எல்லோர் முன்னாலும் இப்படிச் சொல்லிவிட்டு, போன ஆட்டத்தின் சீட்டுகளை மறுபடி பரப்பி, தான் கேட்டது ஏன் சரி என்று விளக்க ஆரம்பித்தார். அப்போது ஆயா குழந்தையைத் தூக்கிவந்தாள். அந்த அம்மாள் கை நீட்டி வாங்கிக்கொண்டு, "என்னடி பெண்ணே, உங்கப்பாவுக்கு நீயாவது ஆட்டம் சொல்லித் தரக் கூடாதா?" என்று கொஞ்சினார். குழந்தை அவர் சங்கிலியைப் பிடித்து இழுத்தாள்.

எனக்கு எரிச்சல் தலைக்கேறியிருந்தது. அந்த எரிச்சலில் ஒன்று தெளிவாயிற்று. இத்தனை வாரமாக நான் மாற்றலைப் பற்றி வாயே திறக்காததற்குக் காரணம், ஆமாம் என்று பதில் வந்தால் எங்கே நிற்பது என்று யோசிக்காததுதான். இப்போது யோசித்தேன். மாற்றல் இல்லை என்றால் நிம்மதி. உண்டு என்றால், மழை முடியும்வரை நானும் குழந்தையும் டாக்டருக்குப் பக்கத்தில் இந்தக் குவார்ட்டர்ஸிலேயே இருக்க அனுமதி வேண்டும். எது வந்தாலும் கால் வைக்க இடம் இருந்தது.

"ஐயாங்க, அந்த மலையடிவாரத்து வேலைக்கு இவுங்களைத்தான் போடறீங்களா?"

என் கணவரின் விளக்கம் பாதியில் நின்றது. மேஜைக்கடியில் என் காலை மிதித்தார். ஆட்டத்தில் அதற்கு அனுமதி கிடையாது.

பெரிய இஞ்சினீயர் சீட்டைக் கீழே வைத்தார். "ஆர்டர்ல கையெழுத்துப் போட்டாச்சும்மா. திங்கட்கிழமை கைக்கு வரும். எனக்கும் வேற ஆள் இல்லை."

ஆக, இத்தனை சனிக்கிழமையும் வீண். நாங்கள் தோற்றிருந்தாலும் ஜெயித்திருந்தாலும் ஒன்றுதான்.

"அப்படின்னா தை பொறக்கற வரைக்கும் நானும் பாப்பாவும் இங்கயே குவார்ட்டர்ஸ்ல இருந்துக்கறமுங்க. பாப்பாவுக்குக் காய்ச்சல் வரக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காருங்க."

அவர் பதில் சொல்லுமுன் அந்த அம்மாள் குழந்தையின் தலையைத் தடவியபடி, "இருக்கட்டுமே. அந்தக் குவார்ட்டர்ஸுக்குப் புது ஆள் எப்போ வரப்போறான்?" என்றார்.

"சரி, இருந்துக்கோம்மா" என்றார் அவர். "அடுத்து யார் கலைக்கணும்?"

திரும்பும்போது ஜட்கா செவ்வாய்ப்பேட்டைக் கடைத்தெருவில் மூட்டை வண்டிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு நின்றது. அப்போதுதான் என் கணவர், "என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?" என்றார்.

கேட்டிருந்தால், பாத்துக்கலாம் என்றுதான் சொல்லியிருப்பார். அந்த வண்டியில் அவர் முகத்தைப் பார்த்தபோது, கேட்டிருக்க வேண்டுமோ என்றும் தோன்றியது. இன்றுவரை தோன்றிக்கொண்டுதான் இருக்கிறது.

அவர் தனியாகப் போனார். கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவரின் கண் மஞ்சளாக இருந்தது. பல் கிட்டிக்கும் குளிர். நான் கூட இருந்திருந்தால் வேளைக்குக் கஞ்சியும் கொதிக்க வைத்த தண்ணீரும் கொடுத்திருப்பேன், ஒருவேளை வந்திருக்காது. குழந்தையோடு போயிருந்தால் அவளுக்கும் வந்திருக்கும். எப்படிக் கூட்டினாலும் கணக்கு முடிவதில்லை. டாக்டர் எங்கேயோ தேடிப் பிடித்த கொய்னாவைக் கொடுத்தேன். இருந்த கம்பளியையெல்லாம் போர்த்தினேன்.

நடுக்கம் கொஞ்சம் அடங்கியதும் கண்ணைத் திறந்தார். "அன்னைக்கு நான் கேட்டிருக்கவே கூடாது புள்ள. நேரா அஞ்சு கிளாவர்னு சொல்லி நின்னிருக்கோணும்."

இதை ஒத்துக்கொள்ள இவருக்கு மலைக்காய்ச்சல் வர வேண்டியிருக்கிறது. நான் வாயைத் திறப்பதற்குள், "பாப்பா தூங்கிருச்சா?" என்றார்.

அவர் கண்ணெதிரே, என் மடியில், வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள்.

"தூங்கிருச்சுங்க" என்றேன்.