பாட்டு மாறிய ஏழாம் பாகம்

பிரேமிளாவின் குரலை வெட்டிவிட்டார்கள் என்ற கதை ஸ்கந்தபுரத்துக்குப் பஸ்ஸில்தான் வந்தது. அவள் பாடிய டிவி நாடகத்தைத் தொகுக்கிற பெடியன் கிளிநொச்சியில் யாருக்கோ சொல்ல, அது சுற்றிக் கூட வேலை செய்கிற சிவரூபியின் காதுக்கு வந்து, அவள் நெல் ஆலை முற்றத்தில் வைத்துச் சொன்னாள். சொல்லும்போது முகத்தில் கவலை இருந்தது, கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது. பிரேமிளா இரண்டாவதைத்தான் பார்த்தாள். அவித்த நெல்லைக் காலால் கிளறிக்கொண்டு போனாள்.

ஆலையில் அவளுக்குப் பதினொரு வருஷம். தகப்பன் பழனியாண்டி எழுபத்தேழாம் ஆண்டு இனக் கலவரத்தோடு மலையகத் தேயிலைத் தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்தவர். மாசி மாதக் காமன் கூத்தில் ரதி வேஷம் கட்டுகிற ஆணுக்குப் பின்னால் நின்று பாடுவது பிரேமிளாதான். அங்கே கேட்டுத்தான் செந்தூரன் அவளைத் தேடி வந்தான். உள்ளூர் டிவிக்குத் தொடர்நாடகம் எடுக்கிறவன்.

பன்னிரண்டு வருஷம் கழித்துப் புருஷன் வீட்டுக்குத் திரும்புகிற ஒருத்தியின் கதை அது. அவள் வாயே திறக்கமாட்டாள். ஏன் என்று வசனத்தில் எங்கும் இல்லை. பிரேமிளா கூத்து முறையில் ஒரு வரவுப் பாட்டுக் கட்டினாள். சபைக்கு வருகிற ஆள் யார், என்ன துயரத்தோடு வருகிறார் என்பதைப் பாட்டு முதலில் சொல்லிவிட வேண்டும். முகாமில் பிள்ளையைப் பறிகொடுத்தவள் என்பதைச் சனம் அந்தப் பாட்டில்தான் அறிந்தது. ஆறு பாகமும் அழுது பார்த்தது.

பாட்டு முடியும்போது திரையில் அவள் பெயர் வரும். அதுவரை 'தோட்டக்காட்டாள்' என்று இளக்காரமாகக் கூப்பிட்ட ஆலை மேற்பார்வையாளன் இரண்டாம் பாகத்துக்குப் பிறகு 'பிரேமிளா' என்றான். அந்தப் பெயருக்காகத்தான், கதை கேட்ட மறுநாள் அவள் கிளிநொச்சிக்குப் பஸ் ஏறினாள்.

செந்தூரன் உட்காரக் கதிரை கூடக் காட்டவில்லை.

"வெளிநாட்டில பாக்கிற ஆக்கள் தோட்டத்து வாடை அடிக்குதெண்டு சொல்லினம் அக்கா. நான் என்ன செய்ய?"

"வாடை அடிச்சா மூக்கைப் பொத்தச் சொல்லு. என்ர குரல்வளையில ஏன் கை வைக்கிறாய்?"

அவன் சிரித்தான். பாட்டுப் போகிற நேரம் சனம் தேத்தண்ணி போடப் போகும், யார் கேட்கிறது என்றான்.

"வரவுப் பாட்டில்லாமல் அவளைச் சபையில விடுறாய். சனம் கூ அடிக்கும், பார்."

ஏழாம் பாகத்தை அவள் வேண்டுமென்றே சிவரூபி வீட்டுக்குப் போய்ப் பார்த்தாள். புதுப் பாட்டில் வயலினும் நிலவும் காதலும் வந்தன. அதன்பிறகு கதாநாயகி வந்தாள். மாமி நீட்டிய சோற்றை வாங்காமல் முகத்தைத் திருப்பினாள். போன கிழமை இதே மௌனத்துக்குக் கண்ணைத் துடைத்த சிவரூபியின் தாய் வடிவம்மா சத்தமாகச் சொன்னாள்:

"என்ன எடுப்பு இவளுக்கு. வயசுபோன மனுசி சோறு குடுக்குது, வாங்கினா என்ன குறைஞ்சா போகும்?"

பிரேமிளாவுக்கு நெஞ்சு குளிர்ந்தது. ஆனால் பழைய பாட்டு எங்கே என்று அந்த வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே கேட்கவில்லை. தேத்தண்ணியைக் குடிக்காமல் எழும்பி வந்தாள். மறுநாள் காலை மேற்பார்வையாளன் பழைய பெயருக்கே திரும்பிவிட்டான்.

ஒன்பதாம் பாகத்துக்குள் ஊரே கதாநாயகியைத் திட்டியது. நடித்த பிள்ளை சந்தைக்குப் போக ஏலாமல் வீட்டில் இருக்கிறாளாம். செந்தூரன் மத்தியானத்திலிருந்து நாலு தரம் போன் அடித்தான். பிரேமிளா எடுக்கவில்லை. பிறகு அவனிடமிருந்து போனில் ஒரு தகவல் வந்தது.

"அக்கா, பழைய பாட்டை நாளைக்கே திரும்பப் போடுறன். ஓமெண்டு மட்டும் சொல்லுங்கோ. பேர் போடுறதைப் பிறகு பாப்பம்."

அவள் கடைசி வரியை இரண்டு தரம் வாசித்தாள். போனைச் சாக்கின் மேல் குப்புற வைத்துவிட்டு, வெயில் சாய்வதற்குள் நெல்லை மறுபக்கம் புரட்டத் தொடங்கினாள். போன் மறுபடியும் அடித்தது. முற்றத்துப் பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அவள் நெல் புரட்டுகிற பலகையைத் தள்ளிக்கொண்டு முற்றத்தின் அந்தக் கரைக்குப் போனாள். சாக்கின் மேல் அது அடித்துக்கொண்டே இருந்தது.