நான் எங்கை இருக்கிறது?

“ஆறுதலா வாறன், தங்கச்சி” என்று சொல்லிவிட்டு, கொத்து வேலை செய்யும் மேசன் சைக்கிளில் ஏறிப் போனார். எனக்குப் பகீரென்றது. ஆறுதல் சொல்ல வரும்படியாக இந்த வீட்டில் யாருக்கு என்ன நேர்ந்துவிட்டது? உள்ளே ஓடி என் கணவரின் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அவர் நிம்மதியாகத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். பின்னேரம் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துவிட்டு வந்த என் கணவர்தான் விளக்கினார். யாழ்ப்பாணத்தில் ஆறுதலாக வருவதென்றால் அவசரமில்லாமல், சாவகாசமாக வருவதாம். அந்த மேசன் சொன்ன சொல் தவறாதவர். ஆடி மாதம் கூப்பிட்டதற்கு, மாரி மழையெல்லாம் ஓய்ந்த பிறகு வந்தார்.

நான் திருச்சி உறையூர்க்காரி. எங்கள் ஊருக்குப் படிக்க வந்த கரவெட்டிக்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்டு, எண்பத்து மூன்றின் தொடக்கத்தில் இராமேஸ்வரத்தில் கப்பலேறியவள். வழியெல்லாம் எனக்கு ஒரே தைரியம். சீமைக்கா போகிறேன், தமிழ் பேசுகிற ஊருக்குத்தானே! அந்தத் தைரியம் முதல் நாள் காலைவரைதான் இருந்தது. கணவரின் அக்கா பாக்கியம், எனக்கு அவரும் அவருக்கு நானும் மச்சாள் என்று கூப்பிடும் முறை, என் கையைப் பிடித்து, “குசினிக்கு வாரும், கதைப்பம்” என்றார். ஏதோ கதை சொல்லப் போகிறார் என்று ஆசையாகப் பின்னால் போனேன். குசினி என்பது சமையலறை என்றும், கதைப்பது என்பது வெறுமனே பேசுவது என்றும் அங்கே போன பிறகுதான் தெரிந்தது.

அந்தக் குசினியை முதலில் பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது. வீட்டுக்குப் பின்னால் தனிக் கட்டடம். கரி பிடித்த சுவர், தரையோடு தரையாக மூன்று கல் வைத்த அடுப்பு, அதன் முன்னால் உட்காரத் தேய்ந்த பலகை ஒன்று. உறையூரில் இடுப்புயர மேடையும் அதன்மேல் திரி ஸ்டவ்வுமாக, நின்றபடியே சமைத்துப் பழகியவள் நான். இங்கே பாக்கியம் மச்சாள் அந்தப் பலகையில் அமர்ந்தால் எழும்பவே மாட்டார். உப்பு ஒரு கைக்கு, தூள் ஒரு கைக்கு, தென்னோலை காலடியில். நான் அமர்ந்தால் கால் மரத்துப்போகும், புகை கண்ணில் ஏறும், ஓலை பக்கென்று பற்றிப் புருவத்தைக் கருக்கும்.

“உமக்குக் கால் மடியாதோ? நீர் எழும்பும், நான் பாக்கிறன்” என்று மச்சாள் அன்பாகத்தான் சொல்வார். ஆனால் அவர் பார்க்கிற பார்வையில் எல்லாமே தேங்காய்ப்பாலில் முடியும். வறுத்து இடித்த மிளகாய்த்தூளோ நாக்கில் பட்டால் காது அடைக்கும். ஒருநாள் பிடிவாதமாகச் சாம்பார் வைத்தேன். துவரம்பருப்புக் கிடைக்கவில்லை, மைசூர்ப் பருப்புத்தான். கரண்டியும் கையுமாக நான் காத்து நிற்க, என் கணவர் சோற்றில் பிசைந்து ஒரு வாய் வைத்தார். முகம் மலர, “பருப்புக்கறி திறம்!” என்றார்.

அவ்வளவுதான். திருச்சியில் வருடக்கணக்காக விடுதிச் சாம்பார் குடித்த மனிதர் அவர்! “எனக்கு நின்னு சமைக்க ஒரு மேடை வேணும். இல்லேன்னா நான் கப்பலேறிடுவேன்” என்று கத்தினேன். கோபத்தில் சொன்னதுதான். ஆனால் அன்றிரவு யோசித்துப் பார்த்தபோது அது வெறும் கோபமில்லை என்று எனக்கே தெரிந்தது. தன் ருசிக்கு ஒரு குழம்பு வைக்க முடியாத வீட்டில் ஒருத்தி எத்தனை காலம் விருந்தாளியாகவே கிடப்பாள்?

மேடை கட்டக் கூப்பிட்டிருந்த மேசன் தை பிறந்ததும் வந்தார். “குசினிக்குள்ளை மேடையோ? ஆர் ஆடப் போகினம்?” என்று கேட்டுத் தானே சிரித்தார். பிறகு சுவரோரம் கரிக்கட்டியால் கோடு கிழித்தார். கோடு மூன்று கல் அடுப்பையும் சேர்த்து வளைத்துக்கொண்டு போனது. வாசலில் நின்று பார்த்த பாக்கியம் மச்சாள் மெதுவாகக் கேட்டார்.

“அப்ப நான் எங்கை இருக்கிறது?”

கல்யாணம் வேண்டாமென்று, தம்பியை வளர்த்துக்கொண்டு இந்த வீடே கதியாக வாழ்ந்தவர். நேற்று வந்த நான் அவரை வீட்டைவிட்டே துரத்துகிறேனா? “ஐயோ மச்சாள், இது உங்க வீடு! மேடையும் வேணாம், மண்ணும் வேணாம். யாராவது போகணும்னா நான் போறேன்!” என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன். மச்சாள் திகைத்தார். மேசன் கரிக்கட்டியைக் கீழே போட்டார். சத்தம் கேட்டு வந்த என் கணவர் விஷயத்தைக் கேட்டதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“அடியே, இஞ்சை ‘இருக்கிறது’ எண்டால் உட்காருறது! பலகையை எங்கை போடுறதெண்டுதான் அக்கா கேக்கிறா.”

மச்சாளுக்குப் புரிய இன்னும் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும், “விசர்ப் பெட்டை! என்ரை வீட்டை விட்டு என்னை ஆர் எழுப்புறது?” என்று என் தலையில் குட்டினார். அன்று மூவரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு வளவிலிருந்து ஆள் எட்டிப் பார்த்தது. மேசன் கோட்டை அழித்து எதிர்ச் சுவருக்கு மாற்றினார். அடுப்பும் பலகையும் அசையாமல் அங்கேயே இருந்தன. என் மேடை எதிரே எழும்பியது.

அன்றிலிருந்து எங்கள் குசினியில் இரண்டு மாடி. மேலே நான், கீழே மச்சாள். என் புளித்தண்ணீர் அவர் தலையில் தெறிக்கும், அவர் புகை என் மூக்கில் ஏறும். ஒரே தோசை மாவை இரண்டு சட்டியில் பிரிப்போம். அவருடையதில் மஞ்சளும் தாளிதமும் விழும், என்னுடையது வெள்ளை வெளேரென்றிருக்கும். இப்போது போர்க்காலத் தடையால் மண்ணெண்ணெயைக் கண்ணில் காண்பதே அரிதாகிவிட்டதால், மேடையிலும் மூன்று கல்லை ஏற்றி விறகுதான் எரிக்கிறேன். “நிண்டு சமைக்கிற குசினி” என்று பார்க்க வரும் பெண்கள், “நாரி நோகுது” என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு, தங்கள் வீட்டிலும் ஒன்று வேண்டுமென்கிறார்கள். மேசன் ஆறுதலாக வருவாராம்.

மேடை கட்டிய அதே வருடம் திருச்சியிலிருந்து என் தம்பி வந்திறங்கினான். இலங்கையில் முந்திய வருடம் நடந்த கலவரச் செய்திகளைக் கேட்டதிலிருந்து அம்மாவுக்குத் தூக்கமில்லையாம். என்னைக் கையோடு அழைத்துப் போகத்தான் அனுப்பியிருந்தார்கள். அவன் பையில் துவரம்பருப்பும் காப்பித்தூளும் இருந்தன. பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. போக ஆசையில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். அம்மாவின் மடி, காவேரித் தண்ணீர், நான் பேசினால் ஒருவரும் சிரிக்காத தெரு, எல்லாம் அந்தப் பையிலிருந்து மணத்தன.

அந்தப் பருப்பிலேயே சாம்பாரை மேடையில் கொதிக்கவைத்தேன். தம்பி குசினி வாசலில் வந்து நின்றான்.

“இருங்கோ தம்பி” என்றார் மச்சாள்.

“சரிக்கா” என்று அவன் நின்றுகொண்டே இருந்தான்.

“இருங்கோவன்!”

“பரவாயில்லக்கா, வெயிட் பண்றேன்.”

நான் சிரித்து மாளாமல் அவனுக்கு அர்த்தம் சொன்னேன். அவன் அசடு வழிந்து வாசற்படியில் உட்கார்ந்தான். மச்சாள் எட்டி ஒரு கரண்டி சாம்பாரை உள்ளங்கையில் ஊற்றி நக்கிப் பார்த்தார். “ஓம், உது பருப்புக்கறி இல்லைத்தான்” என்றார். ஒரு வருடம் காத்திருந்து கிடைத்த தீர்ப்பு. எனக்குக் குதிக்க வேண்டும்போல இருந்தது.

தம்பி குரலைத் தாழ்த்திக்கொண்டான். “அக்கா, அம்மா பாவம். கிளம்பலாமா? அத்தானும் கூட வரட்டும். கப்பல் எத்தனை நாளைக்கு ஓடுமோ தெரியாது.”

மேலே சாம்பார் தளதளவென்று கொதித்தது. கீழே மச்சாள் ஊதுகுழலால் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். எங்கள் பேச்சு அவர் காதில் சரியாக விழவில்லை. அந்தச் சத்தத்துக்கு மேலே உரக்கச் சொன்னேன்.

“இல்லடா. நான் இங்கேயே இருக்கேன்.”

அது மட்டும் மச்சாளுக்குக் கேட்டது. ஊதுகுழலைக் கீழே வைத்தார். அந்த அடுப்படியில் ஒருவருக்கும் விட்டுக்கொடுக்காத தன் பலகையை விட்டு எழும்பி, சேலைத் தலைப்பால் அதைத் துடைத்து, என் பக்கம் தள்ளினார்.

“இரும் மச்சாள். எவ்வளவு நேரந்தான் நிப்பீர்?”

தம்பி என்னைப் பார்த்தான். நான் அவனுக்கு அர்த்தம் சொல்லவில்லை. போய் இருந்தேன். அதற்குள் மேலே சாம்பார் பொங்கி வழிந்தது. எழுந்து ஓடி இறக்கி வைத்துவிட்டு, திரும்பி வந்து மறுபடியும் இருந்தேன்.