தண்ணீருக்கடியில் ஓர் ஆட்டுக்கல்

இன்று மாலை மேட்டூரிலிருந்து சேலம் வரும் பஸ்ஸில் நடந்தது. வேலை முடிந்து, கண்ணைத் திறந்து வைத்திருக்கவே தெம்பில்லாத நேரம்.

1930-களில் மேட்டூர் அணை நிரம்பத் தொடங்கியபோது அந்தத் தண்ணீருக்குள் குடியேறிய ஒரு கற்பனை இனத்தைப் பற்றி நான் கதை எழுதிக்கொண்டிருப்பது உங்களுக்குத் தெரியும். நீருக்குள் நெருப்பு கிடையாது. நெருப்பில்லாமல் இரும்பு கிடையாது. அப்புறம் கருவிகளுக்கு எங்கே போவார்கள்? பல வாரமாக இதிலேயே சிக்கிக் கிடக்கிறேன்.

செல்போனில் ஒரு சிப்பிக் கத்தியை வரைந்து வரைந்து அழித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து இருக்கை அம்மா எட்டிப் பார்த்தார்.

“என்ன சாமி அது?”

சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

“எங்கப்பா பொறந்த ஊடு அந்தத் தண்ணிக்குள்ளதான் இருக்குது. வண்டியில எடமில்லாம ஆட்டுக்கல்ல அங்கயே உட்டுட்டு வந்துட்டாங்களாம். சாகற வரைக்கும் அதையே சொல்லிட்டிருந்தாரு.”



“கதையில அந்தத் தண்ணிக்குள்ள இருக்கறவங்க அத எடுத்துக்கலாங்களாம்மா?” என்று கேட்டேன்.



“எடுத்துக்கட்டும். சும்மா கெடக்கறதுக்கு யாராச்சும் அரைக்கட்டும். ஆனா எங்க ஊட்டுதுன்னு எழுதிரு சாமி.”

ஓமலூரில் இறங்கிப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அப்படியே எழுதிவிட்டேன். அதில் அவர்கள் எதை அரைப்பார்கள் என்றுதான் இன்னும் தெரியவில்லை. மீன் என்று சொல்ல வருகிறவர்கள், அவர்களுக்கு மீன்கள் அக்கம்பக்கத்தார் என்பதை யோசித்துவிட்டுச் சொல்லுங்கள்.